வகுப்பறைக் கதவில் ஒரு பூசணிக்காய்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ராத்திரி இட்லி சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் அமெரிக்காவிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள். அங்கே காலை. பேத்தி ஒண்ணாம் வகுப்பு படிக்கிறாள். "அம்மா, இவ ஸ்கூல்ல ஹாலோவீனுக்கு வகுப்பறைக் கதவை அலங்கரிக்கிற போட்டி வைக்கிறாங்க. எங்க வகுப்புக் கதவுக்கு நானும் இன்னும் ரெண்டு அம்மாக்களும் பொறுப்பு. நீ முப்பத்தி நாலு வருஷம் இந்த வேலைதானே பார்த்தே, ஒரு ஐடியா சொல்லு" என்றாள். முப்பத்தி நாலு வருஷம் அ, ஆ சொல்லிக்கொடுத்ததை மகள் கதவு அலங்காரமாகச் சுருக்கிவிட்டாள். பரவாயில்லை, முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, கலர் பேப்பரை முக்கோணமாக வெட்டி, நூலில் ஒட்டி நிலைக்குமேல் கட்டாமல் ஒரு ஆகஸ்ட் 15ஐயும் நான் விட்டதில்லை.

போன வருஷக் கதவுகளின் படங்களை அனுப்பினாள். ஒரு கதவு முழுக்க வெள்ளைத் தாளை நாடா நாடாகச் சுற்றி நடுவில் ரெண்டு கண் மட்டும். எகிப்தில் பிணத்தைத் துணி சுற்றி வைப்பார்களே, அந்த மம்மியாம். இன்னொன்றில் கறுப்புத் தாள், சிலந்தி வலை, தொங்குகிற வௌவால்கள். மூன்றாவது, கதவே ஒரு பூதத்தின் வாய். மேல் நிலையில் பல், கீழே சிவப்பு நாக்கு. பிள்ளைகள் நாக்கை மிதித்துக்கொண்டு வகுப்புக்குள் போக வேண்டும். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றுக்குள் என்னமோ செய்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஹாலோவீன் தெரியாத உறவுகளுக்கு இரண்டு வரி. அக்டோபர் 31 சாயங்காலம். மறுநாள் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள், அதற்கு அடுத்த நாள்தான் நம் ஊர்ப் பக்கம் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுகிற கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய ராத்திரி இறந்தவர்களின் ஆவி உலவும் என்று அயர்லாந்துக்காரர்கள் நம்பியிருக்கிறார்கள். டர்னிப் என்ற கிழங்கைக் குடைந்து, கோர முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் வைப்பார்களாம், கெட்டது அண்டாமல் இருக்க. பிறகு கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே பெரிய பரங்கிக்காய் கிடைத்தது. குடையவும் சுலபம். அதுவே வழக்கமாகிவிட்டது.

இதைக் கேட்டால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும். வாசலில் கோர முகம் தொங்கவிடுவதற்கு நாம் அயர்லாந்து போக வேண்டுமா? அவர்களுக்குப் பரங்கி, நமக்குச் சாம்பல் பூசணி. கண்ணை உருட்டி, மீசை முறுக்கி, நாக்கைத் தொங்கவிட்டு வரைந்து, புது வீட்டு முகப்பில் கட்டுகிறோமே. கட்டட வேலை நடக்கிற இடமென்றால் சாரத்தில் வைக்கோல் அடைத்த பொம்மை. எல்லாம் ஒரே கணக்குத்தான், பயமுறுத்துவதைப் பயமுறுத்தி விரட்டுவது.

அப்படி ஒரு பூசணிக்காயை நான் என் வகுப்பறைக் கதவில் கட்டினேன். வருஷம் 1991. அதுவும் அக்டோபர்தான், ஆயுத பூஜை சமயம்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து ஒன்றியப் பள்ளி. பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும். அதுவரை கூரைக் கொட்டகை. கரும்பலகைத் திட்டம் என்று 1987ல் மத்திய அரசு கொண்டுவந்ததே, பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறையும் இரண்டு ஆசிரியரும் வேண்டும் என்று, அதில் எங்களுக்கும் ரெண்டு அறை, முன்னால் தாழ்வாரம் வந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த இரட்டைக் கதவு. அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதற்கே ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். புதுக் கட்டடத்துக்குத் திருஷ்டி கழிக்காமல் இருக்கலாமா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். அஞ்சாப்புப் பையன்களிடம் கொடுத்து முகம் வரையச் சொன்னேன். கரியும் சுண்ணாம்பும் குங்குமமும் வைத்து அவர்கள் வரைந்தது இருக்கிறதே! பல்லெல்லாம் ரத்தம். கைதட்டிப் பாராட்டி, நிலையில் கயிறு போட்டு நானே தொங்கவிட்டேன். பெரியவர்கள் தலை தட்டாத உயரம், சின்னப் பிள்ளைகள் அண்ணாந்தால் நேராகக் கண்ணில் படுகிற உயரம்.

மறுநாள் ஒண்ணாப்புப் பையன் ஒருவன் உள்ளே வரவில்லை. ஜூனிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தவன். தாழ்வாரம்வரை வந்தான், மேலே பார்த்தான், திரும்பிப் போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டேன். வரவில்லை. மிரட்டினேன். வரவில்லை. நாற்பது பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள், டீச்சர் சொல்லை ஒரு பொடியன் கேட்கவில்லை என்றால் என்ன மரியாதை? அந்த வயதில் எனக்கு இருந்த நினைப்பு அதுதான். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். வாசல்படியில் கால்சட்டையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் அவர்களை உடனே அதட்டவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

அடுத்த நாளிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை.

அது நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போன நேரம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பகலெல்லாம் களையெடுத்துவிட்டு, கல் உடைத்துவிட்டு வந்த பெண்கள் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினார்கள். சைக்கிள் பழகினார்கள். எங்கள் பள்ளித் தாழ்வாரத்திலும் வகுப்பு நடந்தது, நானும் போவேன். அந்தப் பையனின் அம்மாவும் வரும். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குக் கேட்கவே தோன்றியது. "ஏத்தா, உன் மகன் ஏன் வரலை? ஆடு மேய்க்கப் போட்டுட்டியா?"

அது சிலேட்டைப் பார்த்தபடியே சொன்னது: "அவங்கப்பா செத்தது அந்த மூஞ்சியாலதான்னு சொல்றான் டீச்சர்."

அவனுடைய அப்பா தஞ்சாவூரில் கட்டட வேலைக்குப் போனவர். அந்தச் சித்திரையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். சேதி கேட்டு இது பையனையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பெரியவர்கள் எல்லாரும் கீழே கிடந்தவரைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். இவன் மேலே பார்த்திருக்கிறான். சாரத்தில் நாக்கைத் தொங்கவிட்டபடி திருஷ்டி பொம்மை ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் அப்பாவைத் தள்ளிவிட்டது என்று அஞ்சு வயசு மனசு முடிவு பண்ணிக்கொண்டது. அதே முகத்தை நான் அவன் வகுப்பு வாசலில் கட்டி, அதன் அடியில் அவனை இழுத்திருக்கிறேன்.

அன்று ராத்திரியே பூசணிக்காயை அவிழ்த்தேன். தலைமையாசிரியருக்கு வருத்தம், திருஷ்டிக் காயைப் பாதியில் எடுக்கக் கூடாதாம். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வந்தான், தூரத்தில் நின்று நிலையைப் பார்த்தான், ஓடிவிட்டான். அப்போதுதான் பார்த்தேன், கயிறு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் அறுத்தேன். அப்படியும் வரவில்லை. அப்புறம் ஒண்ணாப்பை மட்டும் புங்க மரத்தடிக்கு மாற்றினேன். இவ்வளவு அழகான புதுக் கட்டடத்தை விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார வைக்கிறாயே என்று கேட்காதவர்கள் இல்லை. அவன் ஆடுகளோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பான். பாட்டு வந்தால் கொஞ்சம் கிட்ட வருவான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பூட்டைத் திறக்கப் போனால், கதவின் கீழ்ப் பாதியில் கரிக்கட்டியால் ஒரு ஆடு வரைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது வந்திருக்கிறான். பூட்டின கதவிடம் தனியாக வந்திருக்கிறான். இன்ஸ்பெக்ஷன் வருகிறது, கதவைத் துடைக்கச் சொல் என்றார் தலைமையாசிரியர். என் சர்வீஸில் தலைமையாசிரியர் சொல்லி நான் கேட்காத விஷயங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. ஆட்டுக்குப் பக்கத்தில் மற்றப் பிள்ளைகளும் சாக்பீஸால் கோழி, மாட்டு வண்டி, அவரவர் பெயரின் முதல் எழுத்து என்று போட்டார்கள். அந்த வாரத்திலேயே ஒரு நாள் வந்து, தன் ஆட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். நான் கவனிக்காத மாதிரி போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

பதினாறு வருஷம் கழித்து, 2007ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சுவரில் பிள்ளைகள் எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, தலைக்குமேல் கம்பிப் பந்தல் கட்டி அதில் அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடுவது, வந்ததும் தன் வருகையைத் தானே குறித்துக்கொள்வது. நிறைய ஆசிரியர்களுக்கு அந்த முறையில் ஆயிரம் குறை இருந்தது, எனக்கும் அட்டைகளை அடுக்கியே இடுப்பு போயிற்று. ஆனால் கீழ்மட்டக் கரும்பலகையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

கதையைக் கேட்ட மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா இங்கே பிள்ளைங்க பயத்தைக் கேட்டு வாங்குதுங்கம்மா. இவளே பேய் வேஷம்தான் போடப்போறா" என்றாள். அது உண்மை. நம் பிள்ளைகள் மட்டும் என்ன, மழை பெய்து வெளியே விட முடியாத பீரியடில் "டீச்சர் பேய்க்கதை" என்றுதானே கேட்டீர்கள்? பயம் பிடிக்காத பிள்ளை வீட்டில் என்றால் அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருந்துகொள்ளும், கதை கேட்கும்போது என்றால் காதைப் பொத்திக்கொள்ளும். வகுப்பறைக் கதவை அப்படிச் சுற்றிக்கொண்டு போக முடியாது. அது வழியாகத்தான் தினமும் போயாக வேண்டும். நான் சொன்னது அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலும் சில விதிகள் சொல்லியிருந்தார்களாம். கதவின் கண்ணாடியை மறைக்கக் கூடாது, கைப்பிடியில் எதுவும் சுற்றக் கூடாது, தீப்பிடித்தால் வெளியே ஓடத் தடையாக இருக்கும் என்று. மகளுக்கு அது கெடுபிடியாகத் தெரிந்தது. எனக்கு 2004 ஜூலை 16 ஞாபகம் வந்தது. கும்பகோணத்தில் 94 பிள்ளைகள். அதற்குப் பிறகு நான் வாசலில் கலர் பேப்பர் தோரணம் கட்டவில்லை. தோரணம் எங்கே போச்சு டீச்சர் என்று கேட்ட பின்வரிசைக்காரர்களுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

கடைசியில் இப்படிச் செய்தோம். கதவின் கீழ்ப் பாதியில் அட்டையில் சின்னச் சின்னக் கதவுகள், பிள்ளைக்கு ஒன்று, மேலே அவரவர் பெயர். திறந்தால் உள்ளே அந்தப் பிள்ளையே வரைந்த பேய். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திறந்து பார்க்கலாம், வேண்டாம் என்கிறவர்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். பரிசு மம்மிக் கதவுக்குப் போய்விட்டது. "அம்மாயி, என் பேய்க்குப் பல்லே இல்ல" என்று பேத்தி மட்டும் மூன்று தடவை போனில் சொன்னாள். அவளுக்கு முன்பல் ரெண்டு விழுந்திருக்கிறது.

இனி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன் மூன்றாம் வகுப்புவரை எங்களிடம் படித்தான். அதன் பிறகு அவன் அம்மா திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டது, இவனையும் கூட்டிக்கொண்டு. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த நாளில் நான் விடுப்பு. இப்போது நாற்பதை நெருங்கியிருப்பான். அந்தக் கட்டடமும் இன்று இல்லை, பழுதாகி இடித்துவிட்டார்கள், கதவு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 1991ல் அந்த ஒண்ணாப்பில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். பெயரைப் பொதுவில் போட வேண்டாம். அவன் இருக்குமிடம் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். டீச்சர் கேட்டாங்க என்று சொல்லுங்கள், கதவில் ஆடு வரைந்தாயே என்றால் அவனுக்கே தெரியும். ஆட்டுக்கு அஞ்சு கால் போட்டிருந்தான். ஒண்ணு வால் டீச்சர் என்று அப்புறம் சொன்னான்.