தலக்காட்டு மணல்

பெங்களூரில் குடியேறி நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் நான் தலக்காட்டைக் காணாதிருந்தமைக்குச் சோம்பல் காரணமன்று. 1991 டிசம்பரில் காவிரி நீரை முன்னிட்டு இந்நகரில் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டபோது, நானும் என் மனைவியும் விளக்கேற்றாமல் இரண்டு இரவுகளைக் கழித்தோம். எதிர்வீட்டுக் கன்னட அம்மையார்தாம் எங்கள் வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து காவலிருந்தார். அதன்பின் அந்த ஆற்றங்கரைக்குச் செல்ல மனம் ஒப்பவில்லை. சென்ற தை மாதத்தில் பேத்திதான் வற்புறுத்தி அழைத்துச் சென்றாள்.

காவிரி வளைந்து திரும்புமிடத்தில் அமைந்த சிற்றூர். மேலைக் கங்கர்களின் தலைநகராக விளங்கிய பெருமையுடையது. இன்றோ கோயில்கள் மணற்குழிகளுக்குள் நிற்கின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்து அலமேலம்மை, நகைகளைக் கேட்டுத் துரத்திய மைசூர் மன்னருக்கு இட்ட சாபமே இம்மணல் என்பது மக்கள் நம்பிக்கை. பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த ஓர் அணையால் நீரோட்டம் மாறி, வெளிப்பட்ட மணலைக் காற்று ஊருக்குள் கொணர்ந்தது என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். பேத்திக்கு அணை பிடித்தது; எனக்குச் சாபம்.

பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் இதனை வென்று இராசராசபுரம் எனப் பெயரிட்டனர். ஒரு நூற்றாண்டுக்குப்பின் போசள விஷ்ணுவர்தனன் அவர்களை விரட்டி, அவ்வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். நம்மவர் தோற்றதற்கு எடுத்த கோயிலில் நின்று நாங்களும் கைகூப்பினோம். இவ்வூரில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. பள்ளியில் தமிழ் பயிலாத பேத்தி, கல்லை விரலால் தடவி ஒரு ‘ர’வைக் கண்டுபிடித்துவிட்டாள். “தாத்தா, அப்போதும் தண்ணீருக்காகவா சண்டையிட்டார்கள்?” என்றாள். “நாட்டுக்காக” என்றேன். அவள் முகம் தெளியவில்லை.

பசி மிகுந்தது. ஒரு சிற்றுண்டிச்சாலையில் கேழ்வரகுக் களியும், தோலுரித்த அவரைக்கொட்டையிட்ட சாறும் பரிமாறினர். பரிமாறிய மூதாட்டி அதனை ‘ஹிதுகித பேளே’ என்றார். வடார்க்காட்டில் என் தாயார் வைத்த அதே பிதுக்கம்பருப்பு! பால் ‘ஹாலு’வாகவும் புளி ‘ஹுளி’யாகவும் மாறியதுபோல் பிதுக்கியது ‘ஹிதுகித’ ஆயிற்று. இரண்டாம் உருண்டையை நான் கேளாமலே இலையில் வைத்தார். களியை மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று பேத்திக்குக் கற்பித்ததும் அவரே.

மாலையில் ஆற்றில் இறங்கினோம். நீர் முழங்காலளவே, கூழாங்கல் தெரியும் தெளிவு. இதே நீர் கீழே சிவசமுத்திரத்தில் விழுகிறது. அங்கு 1902இல் பிறந்த மின்சாரம்தான் கோலார் தங்கச்சுரங்கத்திற்குச் சென்றது. என் தந்தையார் அச்சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இவ்வாற்று நீரே. நான் அதை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன். பேத்தி வேண்டாமென்று தடுத்தாள்.

எதிர்வீட்டு அம்மையார் இப்போது இல்லை. அவர் மகள் அவ்வீட்டில் இருக்கிறார். அவருக்கென இரண்டு கிலோ அவரைக்காய் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.