மொய்ங்கா தேடி ரங்கூனுக்கு

போன வாரம் காலை நடை முடிந்து டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் அருகே நின்றிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார். "சார், நீங்க ரங்கூன் போய்ட்டு வந்தீங்களே. நாங்களும் சாப்பிடறதுக்குன்னே ஒரு வெளிநாடு போகலாம்னு இருக்கோம். பினாங்கா சிங்கப்பூரான்னு முடிவாகலை. எப்படித் திட்டம் போடணும்?" நின்றுகொண்டே சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதுகிறேன் என்றேன். இதோ எழுதிவிட்டேன்.

என் மனைவி ரங்கூனில் பிறந்தவள். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். என் மாமனாரின் மளிகைக் கடையும் போனது, கையிலிருந்த பணமும் போனது. கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது இவளுக்கு ஒன்பது வயது. அப்படி வந்தவர்கள்தான் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள், பர்மா பஜாரில் கடை போட்டார்கள். நமக்கெல்லாம் அத்தோ சாப்பிடக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான்.

என் மாமியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் மொய்ங்கா செய்வார். கெளுத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, இஞ்சி, பூண்டு, வெங்காயம், வாழைத்தண்டு எல்லாம் சேர்த்து, கடலை மாவு கரைத்துக் கெட்டியாக்குவார். எலுமிச்சைப்புல்லுக்காக மொட்டைமாடியில் ஒரு பழைய எண்ணெய் டின்னில் செடி வளர்த்தார். அரிசி நூடுல்ஸ் கிடைக்காத காலத்தில் இடியாப்பம்தான். நாங்கள் ரசித்துச் சாப்பிடுவோம். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ம்ஹூம், அந்த ருசி வரல" என்பார். ஒரு ஞாயிறு தவறியதில்லை. 1998-ல் அவர் காலமாகும் வரைக்கும் இதே வார்த்தைதான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, "ஒரு தடவை ரங்கூன் போய் வரலாமா?" என்று மனைவியிடம் பலமுறை கேட்டேன். "அங்க எனக்கு யாருங்க இருக்காங்க?" என்று முடித்துவிடுவாள். கடைசியில், "வீடு பார்க்க வேண்டாம், தெரு பார்க்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு மட்டும் வருவோம்" என்றேன். அதற்குச் சம்மதித்தாள்.

2018 நவம்பரில் போனோம். மழை விட்டு வெயில் தணிந்திருக்கும் காலம் அது. விசாவை வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கிவிட்டோம். விமானம் பாங்காக் வழியாக. அங்கே டாலர் மாற்ற வேண்டுமானால் மடிப்போ கறையோ இல்லாத புது நோட்டாக இருக்க வேண்டும். கசங்கியதை வாங்க மாட்டார்கள். நோட்டுகளை ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோனோம்.

தெருப் பெயர்களையும் முன்பே விசாரித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. மனைவிக்கு நினைவிருந்தது மொகல் தெரு. இப்போது அது ஷ்வே பொந்தா. பிரேசர் தெரு இப்போது அனோரட்டா சாலை. பழைய பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் இளவட்டங்கள் விழித்திருப்பார்கள்.

நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் முதல் நாளுக்கு மட்டும் ஏழு பதார்த்தங்கள்! சர்க்கரை மாத்திரை போடுகிறவன் எழுதுகிற பட்டியலா அது? இரண்டு சாப்பிட்டதுமே வயிறு போதும் என்றுவிட்டது. அன்று மாலை மொய்ங்கா தேடிக் கிளம்பினோம். தெருக்கடைகளில் அது காலை ஆகாரம். இங்கே நாம் விளக்கு வைத்த பிறகு சாப்பிடுகிற வழக்கத்திலேயே போய்விட்டேன்.

"அத்தோ" என்று கேட்டதும் வேடிக்கைதான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்ன அத்தோ?" என்று சைகையில் கேட்டார். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்து கலந்தது என்று மட்டும்தான் பொருளாம். நூடுல்ஸிலும் உண்டு, ஊறவைத்த தேயிலையிலும் உண்டு. சமோசாவைக்கூட வெட்டிப்போட்டு முட்டைக்கோஸோடு பிசைந்து தருகிறார்கள். நம் பேஜோவும் அப்படித்தான். பே என்றால் பயறு, ஜோ என்றால் பொரித்தது. செகண்ட் லைன் பீச்சில் நாம் சாப்பிடுகிற ஆரஞ்சு நிற அத்தோ, பெயரை அங்கிருந்து கொண்டுவந்து இங்கேயே ஒரு தனி ருசியாகிவிட்டது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அனோரட்டா சாலையை ஒட்டிய ஒரு சந்தில், குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தோம். ஒரு பெரியம்மா பெரிய பானையிலிருந்து மொய்ங்கா மொண்டு ஊற்றினார். மேலே அவித்த முட்டை, கொத்தமல்லி, பேஜோ. மனைவி ஒரு கரண்டி குடித்தாள், இன்னொரு கரண்டி குடித்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்றேன்.

"அம்மா செஞ்சது இதேதாங்க. இன்னும் கேட்டா அம்மாவுதுதான் நல்லா இருந்துச்சு. யாராவது அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. பானைக்குப் பின்னாலிருந்த பெரியம்மா, காரம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

அன்று மதியம் அவளே சொன்னாள், "வாங்க, மொகல் தெரு வரைக்கும் நடந்துட்டு வரலாம்." போனோம். அவர்கள் வீடு எதுவென்று தெரியவில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

2021 பிப்ரவரியில் அங்கே மறுபடி ராணுவ ஆட்சி வந்துவிட்டது. இன்றைய நிலையில் என் வயதுக்காரர்களை அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் போய் வந்தது அந்தக் கொஞ்ச கால இடைவெளியில்.

நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேளைக்கு ஒரு பதார்த்தம் போதும். எதை எந்த நேரத்தில் சாப்பிடுவார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்பதை முதலில் உங்கள் வீட்டில் விசாரியுங்கள். உங்கள் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். 'ரஜுலா' கப்பலில் பினாங்கு போய் வந்தவர்களிடம் அங்கத்திய சாப்பாட்டைப் பற்றி ஏதாவது கேட்டு வந்து சொல்லியிருப்பார். தோளில் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து நம் தமிழ் முஸ்லிம்கள் விற்ற நாசி கந்தர் அங்கேதான் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மொய்ங்கா மனைவியின் பொறுப்பு. ருசி வரவில்லை என்று அவள் சொல்வதில்லை. முதல் கிண்ணத்தை அம்மா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எனக்குத் தருகிறாள்.