முந்நூறு அடித் தொலைவு

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமையன்று, இல்லத்திலேயே நற்கருணை பெறுவோரைச் சந்திக்கச் செல்வது பங்குத்தந்தையரின் வழக்கம். அவனியாபுரத்தில் என்னிடமுள்ள பெயர்ப்பட்டியலில் பத்தொன்பது பேர் இருக்கின்றனர். அவர்களுள் படுக்கையில் கிடப்போர் எழுவர். எஞ்சிய பன்னிருவரும் அடுப்படியில் நிற்கின்றனர், பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுகின்றனர், முற்றத்தில் வற்றல் காயப்போடுகின்றனர். ஆலயத்திற்கு மட்டும் வர இயலவில்லை. ஏனென்று வினவினால் முழங்காலைக் காட்டுவோர் சிலர். சாலையைக் காட்டுவோரே பலர்.

அவர்களுள் எழுபத்தெட்டு வயதுத் தாய் ஒருவர் ஆலயத்திலிருந்து முந்நூறு அடித் தொலைவில் வாழ்கிறார். "பூசைக்கு மணி அடிக்கிறது காதுல விழுது, சாமி. தெருவ மூணு தடவ ஒசத்திட்டாங்க, எங்க வாசல் பள்ளமாப் போச்சு. ஏறி நின்னா பைக்குக்காரன் இடிச்சிருவானோன்னு பயமா இருக்கு" என்றார். அன்று முதல் அதை நோயாளிகள் பட்டியல் என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் கூறியது மிகையன்று. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரை இடும்போதெல்லாம் தெரு சில அங்குலம் உயர்கிறது. வீடு அத்தனை அங்குலம் தாழ்கிறது. மழைநீரும் உள்ளே வருகிறது. மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே சாலை இடவேண்டும் என 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். நல்ல அறிவுரை. ஆயின், சுரண்டும் இயந்திரம் பெருஞ்சாலைக்கு வருமளவு சந்துக்கு வருவதில்லை.

நடப்பவரை மறந்து கட்டப்பட்ட நகரமன்று மதுரை. கோவிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனச் சதுரம் சதுரமாக விரிந்த வீதிகள், தேரையும் அதன் வடம் பிடிக்கும் மக்கள் திரளையும் மனத்திற்கொண்டு அளக்கப்பட்டவை. 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளிவீதிகள் பிறந்தன. அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளரின் பெயரும் மேற்பார்வையாளரின் பெயரும் மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் இன்றும் வழங்குகின்றன. அவ்வீதிகளில் இன்று முன்னே செல்லும் வண்டியின் புகையை முகர்ந்தபடி நாம் நடக்கிறோம்.

இந்நூற்றாண்டில் மதுரை இவ்வகையில் ஒன்றும் செய்யவில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. 2016-இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் மதுரை இடம்பெற்றது. சித்திரை வீதிகளில் கல் பாவப்பட்டது. பாதுகாப்பை முன்னிட்டு அங்கு வந்த வாகனத் தடை நடப்போருக்கு வரமாயிற்று. மாலைநேரத்தில் குழந்தைகள் அங்கே ஓடி விளையாடுவதைக் காணுமிடத்து, வாகனமில்லாத வீதி என்பது ஒரு முற்றம் என்பதை உணர்கிறோம். (நண்பகலில் அக்கல் உள்ளங்காலைப் பொசுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பெரியார் பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. தாழ்தளப் பேருந்துகளில் ஒரு பகுதி மதுரைக்கும் ஒதுக்கப்பட்டது. ஆயினும் தாழ்தளப் பேருந்தில் ஏற, முதலில் நிறுத்தத்திற்கு நடந்து வரவேண்டுமன்றோ?

அவனியாபுரம் 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைந்தது. எழுபத்திரண்டு வார்டுகள் அவ்வாண்டில் நூறாயின. வரிச்சீட்டு உடனே மாறியது. நடைபாதை இன்னும் வந்தபாடில்லை. இத்தனைக்கும் தை முதல் நாளில் சாலையின் இருபுறமும் தடுப்புக் கட்டி, போக்குவரத்தை வேறுவழி திருப்பி, காளைகளுக்குப் பிசகின்றிப் பாதை அமைக்கத் தெரிந்த ஊர் இது!

நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது. அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்பது இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல். நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூறியது. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவருள் ஒருவர்.

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். வாயிலில் கூட்டம் மிகுந்திருந்ததால் கூரையைப் பிரித்து அவரை இறக்கினர். அந்நால்வரின் நம்பிக்கையைப் பற்றிப் பன்முறை மறையுரையாற்றியிருக்கிறேன். இப்போதோ அந்த வாயில்தான் என் கண்முன் நிற்கிறது. அங்கு நின்றவர் எவரும் தீயவரல்லர். சற்று ஒதுங்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே.

ஒதுங்குவது யார் என்ற வினாவும் உண்டு. நடைபாதை என்றதும் பூக்கூடையையும் இட்லிக் கடையையும் அகற்றுவதே தீர்வெனப் பலர் கருதுகின்றனர். சாலையோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014-இல் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. எங்கள் தெருக்களில் நான் கண்டவரை, ஒரு பூக்காரர் அமர மூன்றடி போதும். நிறுத்தி வைத்த ஒரு கார் பதினைந்தடியை விழுங்குகிறது. காரை அகற்றச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

எனவே எங்கள் பங்குப் பேரவை அளித்த மனுவில் பூக்காரர்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கேட்டவை மூன்று: பேருந்து நிறுத்தத்திற்கு எதிரே வேகத்தடையுடன் ஒரு கடவுப்பாதை, உடைந்த சாக்கடை மூடிகளுக்குப் பதிலாகச் சமதளமான பலகைக்கற்கள், அடுத்த முறை சாலை இடுமுன் பழைய தாரைச் சுரண்டுதல். இரண்டாவதற்கு மட்டும் சென்ற வாரம் அளவெடுக்க ஒருவர் வந்தார். உதவிக்கு ஆள் இல்லாததால், நாடாவின் மறுமுனையை எங்கள் உபதேசியார் பிடித்துக்கொண்டார்.