தாய்ப்பத்திரம் கேட்கும் கோப்பு

கடலூர் மஞ்சக்குப்பத்து ஆடிட்டர் அலுவலகங்களிலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளின் ஜெராக்ஸ் கடைகளிலும் கணினி பழுது பார்ப்பது என் தொழில். டெண்டர் போடும் ஒப்பந்தக்காரரோ ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவரோ டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கனைச் செருகிவிட்டு 'சர்டிபிகேட் எரர் வருது' என்று கூப்பிட்டால், எனக்கு முதலில் நினைவு வருவது ஆத்ரூட் டாட் எஸ்டிஎல் என்கிற சிறிய கோப்புதான். முப்பரிமாண அச்சுக்காரர்களின் எஸ்டிஎல் வேறு. இது விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியல்.

கிரயப் பத்திரத்தைக் கையில் வாங்கியதும் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கிறோம் அல்லவா? கணினியும் அதையே கேட்கிறது. ஒப்பந்தக்காரரின் சான்றிதழுக்கு மேலே அதை வழங்கிய உரிமம் பெற்ற நிறுவனம். அதற்கும் மேலே, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த, சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளரான சிசிஏ இந்தியாவின் வேர்ச் சான்றிதழ். அந்த வேரை ஏற்கலாமா என்பதற்கான விடை இந்தக் கோப்பில் இருக்கிறது. ஆனால் சான்றிதழ்கள் இதற்குள் இல்லை. ஒவ்வொரு வேருக்கும் 40 எழுத்துள்ள கைரேகை எண், எந்தெந்த வேலைக்கு அதை நம்பலாம் என்ற குறிப்பு, அவ்வளவுதான். எண் பொருந்தினால் விண்டோஸ் அந்த ஒரு சான்றிதழை மட்டும் இறக்கிக்கொள்ளும். பட்டியல் முழுவதற்கும் மைக்ரோசாப்டின் டிஜிட்டல் ஒப்பம் உண்டு. இடையில் ஓர் எழுத்தை யாராவது மாற்றினாலும் ஒப்பம் முறிந்துவிடும். இந்தக் கட்டமைப்பின் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இதற்கு ஒரு ஜோடிக் கோப்பு உண்டு: டிஸ்அலவ்டுசர்ட் டாட் எஸ்டிஎல். நம்பக் கூடாதவற்றின் பட்டியல். அதன் அருமையை நமக்குக் காட்டியது 2014 ஜூலை. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் வழங்கும் பிரிவிலிருந்து கூகுளின் பெயரில் கூகுளுக்கே தெரியாத சான்றிதழ்கள் வெளிவந்திருந்தன. ஜூலை 2 அன்று கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே சிசிஏ அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. யாஹூவின் பெயரிலும் ஒன்று இருந்தது பிறகு தெரிந்தது. சிசிஏ வேரை நம்பியதால் விண்டோஸில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இவற்றை ஏற்றிருக்கும். தனக்கென வேர்த் தொகுப்பு வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் தப்பியது. மைக்ரோசாப்ட் ஜூலை 10 அன்று தடைப்பட்டியலைப் புதுப்பித்தது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கணினிகளுக்கு அது ஓசையில்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்த ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்ட எக்ஸ்பி கணினிகளுக்குப் போகவில்லை.

அதனால்தான், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சான்றிதழை ரூட் பகுதியில் ஏற்றிவிடச் சொல்லி எவர் கேட்டாலும் நான் மறுத்துவிடுகிறேன். அவசரம்தான், டெண்டர் கடைசி மணி நேரத்தில் நிற்கும். இருந்தாலும் முதலில் கணினியின் தேதியைப் பார்ப்பேன். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து காலம் பின்னோக்கிப் போயிருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். பிறகு சான்றிதழ்ச் சங்கிலியைத் திறந்து, உச்சியில் இருக்கும் வேரின் கைரேகையைச் சிசிஏ தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுவேன். இ-ஆதாரில் அடோபி காட்டும் மஞ்சள் கேள்விக்குறிக்கும் முறை இதுதான். அடோபிக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஒப்பிடாமல் 'நம்பு' என்று அழுத்தினால் அந்தச் சோதனைக்கே பொருளில்லை.

இணையம் எட்டாத கணினிகளுக்கு, வேறொரு கணினியில் சர்ட்யூட்டில் கட்டளையின் சிங்க்-வித்-டபிள்யூயூ தேர்வை ஓட்டி எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோகிறேன். கிளம்புமுன் அதில் தடைப்பட்டியலும் இருக்கிறதா என்று தவறாமல் பார்ப்பேன்.