ஆடும் கியர் தண்டு

இன்றைய மகிழுந்துகளில் பல, தாமாகவே கியரை மாற்றிக்கொள்கின்றன. ஓட்டுநர் அதைப் பற்றி எண்ண வேண்டிய தேவையே இல்லை. ஆயினும், கையால் கியர் மாற்றி ஓட்டும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணிப் பாதுகாப்போர் பல நாடுகளில் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் விரும்பும் வண்டிகளுள் ஒன்று மஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானின் ஹிரோஷிமா வட்டாரத்தைச் சேர்ந்த மஸ்டா நிறுவனம், 1989ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் சிகாகோ வாகனக் கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்தியது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கித் திறக்கக்கூடிய சிறிய மகிழுந்து இது.

தொடக்கத்தில் இதற்குப் பொருத்தப்பட்ட இயந்திரம் 1.6 லிட்டர் கொள்ளளவு கொண்டது. பெரும் வேகம் இதன் சிறப்பன்று. ஓட்டுநர் நினைத்தபடி வண்டி நடக்க வேண்டும் என்பதையே வடிவமைப்பாளர்கள் பெரிதாகக் கருதினார்கள். குதிரையும் அதன்மேல் அமர்ந்தவரும் ஓருடலாய் இயங்குவதைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்னும் ஜப்பானியத் தொடரே அவர்களின் குறிக்கோளாக இருந்தது. குதிரைக்குக் கடிவாளம் எப்படியோ, அப்படித்தான் இந்த வண்டிக்குக் கியர் தண்டு. கையை மிகச் சிறிதளவு அசைத்தாலே போதும்; ‘டக்’ என்று அடுத்த கியர் விழும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கடிவாளம் தளர்கிறது. வண்டி கியரில் இருக்கும்போதே தண்டு இங்குமங்கும் ஆடுகிறது. மூன்றாம் கியரைத் தேடும் கை ஐந்தாம் கியரில் போய் நிற்கிறது. மேட்டில் ஏறும்போதோ மற்றொரு வண்டியை முந்தும்போதோ இவ்வாறு நேர்ந்தால், வண்டி இழுவிசையின்றித் தடுமாறும். அது வெறும் தொல்லை மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

இந்நிலையில் உரிமையாளர் பலருக்கு முதலில் எழுவது அச்சமே. கியர் பெட்டியே கெட்டுவிட்டது என்று எண்ணுகிறார்கள். அதைக் கழற்றி மாற்றப் பெருந்தொகை செலவாகும். பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியோடு, நல்ல நிலையில் உள்ள வண்டி கூடப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடக்கூடும்.

உண்மையில், பழுது பெரும்பாலும் கியர் பெட்டியின் பற்சக்கரங்களில் இருப்பதில்லை. இந்த மகிழுந்தில் இயந்திரம் முன்புறம் இருக்கிறது. பின்சக்கரங்கள் சுழன்று வண்டியைத் தள்ளுகின்றன. எனவே, கியர் பெட்டி நீளவாக்கில் அமைந்து, ஓட்டுநரின் கைக்கு நேர் கீழே முடிகிறது. முன்சக்கரங்களால் ஓடும் வண்டிகளில் கியர் தண்டையும் கியர் பெட்டியையும் நீண்ட கம்பிவடங்கள் இணைக்கும். இங்கே அத்தகைய இடைப்பொருள் எதுவுமில்லை. தண்டு நேராகக் கியர் பெட்டிக்குள் இறங்குகிறது. அதன் நடுப்பகுதியில் உருண்டையான மூட்டு ஒன்று உண்டு. கீழ்முனை, கிண்ணம் போன்ற ஒரு சிறிய பிளாஸ்டிக் உறைக்குள் அமர்ந்திருக்கிறது. பட்டறைகளில் அதனைப் ‘புஷ்’ என்பார்கள். விரல் நுனியில் வைத்துப் பார்க்கும் அளவே உள்ள அந்தப் பொருள்தான் நாளடைவில் தேய்கிறது.

இவ்வளவு சிறிய தேய்மானம் எப்படி இவ்வளவு பெரிய ஆட்டத்தை உண்டாக்குகிறது? விடை, அறிவியல் பாடத்தில் படிக்கும் நெம்புகோலில் இருக்கிறது. மூட்டுக்கு மேலே உள்ள பகுதி நீளமானது. கீழே உள்ள பகுதி குட்டையானது. மேற்பகுதி கீழ்ப்பகுதியைப் போல் ஐந்து மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். கீழே 1 மில்லிமீட்டர் இடைவெளி ஏற்பட்டால், மேலே கைப்பிடி 5 மில்லிமீட்டர் ஆடும். கை உணர்வது, கீழே உள்ள குறையின் பன்மடங்கு பெருகிய வடிவமே.

தேய்மானத்திற்குத் துணைபோகும் மற்றொரு காரணமும் உண்டு. தண்டின் மூட்டு அமைந்துள்ள குழிக்குத் தனியே சிறிதளவு எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். அதன் அளவு 100 மில்லிலிட்டரைக் கூட எட்டாது. கியர் பெட்டியின் எண்ணெயை முறையாக மாற்றுவோர்கூட இந்தச் சிறு குழியை மறந்துவிடுகிறார்கள். அதன் மேலுள்ள ரப்பர் உறையும் வெப்பத்தால் வெடித்துக் கிழிகிறது. கிழிந்த வழியே சூடும் இரைச்சலும் வண்டிக்குள் ஏறுகின்றன. கியர் தண்டைச் சுற்றி வழக்கத்திற்கு மாறான வெப்பம் தெரிந்தால், அதுவே முதல் எச்சரிக்கை.

இதைச் சீர்செய்யப் பெரிய கருவிகள் தேவையில்லை, பொறுமைதான் தேவை. முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரம் நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகு, கியரை நடுநிலையில் வைக்க வேண்டும். பிறகு கைப்பிடியைத் திருகிக் கழற்ற வேண்டும். கைப்பிடியின் மரையே தளர்ந்திருந்தால், பழுது அங்கேயே முடிந்துவிடலாம். இல்லையெனில், இருக்கைகளுக்கு இடையிலுள்ள பெட்டியையும் ரப்பர் உறைகளையும் அகற்ற வேண்டும். தண்டைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால், அதை மேல்நோக்கித் தூக்கி எடுத்துவிடலாம்.

இந்தக் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். திறந்திருக்கும் குழிக்குள் ஒரு போல்ட்டோ மண்ணோ விழுந்தால், சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும். ஆகவே, தூய துணியால் குழியை உடனே மூடிவைப்பது நல்லது. பழைய புஷ் சில வேளைகளில் தண்டோடு வரும். சில வேளைகளில் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். உடைந்த துண்டுகள் அனைத்தையும் வெளியே எடுத்தாக வேண்டும். குழியில் எஞ்சிய பழைய எண்ணெயை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துத் துடைத்த பின், புதிய புஷ்ஷைப் பொருத்திப் புதிய கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும். கிழிந்த ரப்பர் உறைக்குப் பதிலாகப் புதியதை மாட்ட வேண்டும். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, இயந்திரத்தை இயக்காமலேயே கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்ப்பது அவசியம்.

மென்மையான பிளாஸ்டிக்கை ஏன் வைத்தார்கள், உலோகத்தில் செய்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. உலோகப் புஷ்ஷும் இருக்கிறது. அதைப் பொருத்தினால் தண்டு இறுக்கமாக நிற்கும். ஆனால், இயந்திரத்தின் அதிர்வும் ஓசையும் கைக்கு அதிகமாக வந்து சேரும். பிளாஸ்டிக் புஷ் அந்த அதிர்வைத் தாங்கிக்கொள்கிறது; இரும்போடு இரும்பு உரசாமல் தடுக்கிறது. விலையுயர்ந்த பாகங்கள் தேயாமல் இருக்கவே, விலை குறைந்த அது தேய்கிறது. அது தேய்வது குறையன்று. அதற்குரிய பணி அதுவே. உரிய காலத்தில் அதை மாற்றுவது உரிமையாளரின் பணி.

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது பழமொழி. உதிரி பாகங்கள் கிடைக்காமல் போனால் எந்த வண்டியும் காட்சிப் பொருளாகிவிடும். இதை உணர்ந்தே, மஸ்டா நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஜப்பானில் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் சேவையை அறிவித்தது. நின்றுபோன சில பாகங்களை மீண்டும் செய்யவும் முன்வந்தது. பழுதான பொருளைத் தூக்கி எறிவதற்குமுன், அதன் எந்தப் பகுதி பழுதடைந்தது என்று கண்டறிவது அறிவுடைமை. அந்தத் தேடல் பல நேரங்களில் மிகச் சிறிய ஒரு பொருளில் வந்து முடியும்.