பறம்பிக்குளம் முதல் சின்னாறு வரை: ஆமைகளின் ஓராண்டு

ஜனவரி 10, பறம்பிக்குளம்

திருவிதாங்கூர் ஆமைக்கு இது இணைசேரும் பருவம். நவம்பரில் தொடங்கி இந்த மாதம் வரை ஆணின் மூக்கும் கண்ணைச் சுற்றிய தோலும் இளஞ்சிவப்பேறி இருக்கும். எதிரே இன்னொரு ஆண் வந்துவிட்டால் ஓட்டோடு ஓடு மோத முட்டித் தள்ளும். முழு வளர்ச்சி பெற்ற ஆமையின் ஓடு அதிகம் போனால் 33 செ.மீ. நீளம். புல், உதிர்ந்த பழம், பூச்சி, சில சமயம் தவளை என்று கிடைத்ததைத் தின்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இந்த ஆமை கிடையாது.

பெண் ஆமை ஒரு தடவைக்கு இடுவது ஒன்று முதல் ஐந்து முட்டைகள். அவை பொரிய ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடப் பல ஆண்டுகள் வேண்டும். முயல் ஓர் ஆண்டின் இழப்பை மறு ஆண்டே குட்டி போட்டு நிரப்பிவிடும். ஆமையால் அது முடியாது. முட்டையிடும் வயதிலுள்ள ஒரு பெண் செத்தால் அந்த இடம் நெடுங்காலம் காலியாகவே கிடக்கும். ஆகவே, வளர்ந்த ஆமையை அது வாழும் இடத்திலேயே உயிரோடு விட்டுவைப்பதுதான் முதல் பாதுகாப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பின்புதான்.

மார்ச் 3

கோடைத் தீயின் மாதம். யானையும் காட்டெருமையும் புகை வாசம் பட்டதும் விலகிப் போய்விடும். ஆமைக்கு அந்த வேகம் இல்லை. பாறை இடுக்கோ வளையோ பக்கத்தில் இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் ஓட்டுக்குள் ஒடுங்கிய நிலையிலேயே வெந்துபோகும். தப்பித்தவற்றின் ஓட்டில் கருகிய தழும்பு ஆயுள் முழுக்க நிற்கும். கோடை தொடங்குமுன் சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடும் வேலை, புலிக்கும் மரத்துக்கும் உதவுவதைவிட ஆமைக்கே அதிகம் உதவுகிறது என்று சொல்லலாம்.

ஏப்ரல் 20, சித்தூர் வட்டம்

குளங்கள் வற்றிவிட்டன. பாலாமைகள் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கின்றன. இந்த ஆமையின் ஓட்டுக்கு அடியில், பின்னங்கால்களுக்கு நேரே, கதவுபோல் இரண்டு மடல்கள் உண்டு. காலை உள்ளே இழுத்ததும் மடல் மூடிக்கொள்ளும். நத்தை, மீன், செத்த பிராணி எல்லாவற்றையும் தின்று குளத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும் இதுதான். ஆனால் இறைச்சிக்காகச் சேற்றை இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்கிறவர்களிடம் அந்த மடல் எதற்கு உதவும்? பாலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தூர்வாரும்போதும் உழும்போதும் அகப்படும் ஆமையைப் பக்கத்துக் குளத்தின் ஈரச் சேற்றில் விட்டால் போதும்.

ஜூன் 18

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது. பிரம்பு ஆமை ஈரச் சருகுக்கு அடியில் கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு உயிர், நீளம் சுமார் 13 செ.மீ. அலகு மஞ்சள், மூக்கின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு. மற்றபடி உடம்பு முழுக்கச் சருகின் நிறம். பகலெல்லாம் பதுங்கியிருந்து அந்தி நேரத்தில் இரை தேடும்.

கொச்சி சமஸ்தானத்துக் காட்டில் கிடைத்த இரண்டு ஆமைகளை வைத்து 1912இல் ஹெண்டர்சன் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் எழுபது ஆண்டுகள் ஆய்வாளர் எவர் கண்ணிலும் இது படவில்லை. 1982இல் மீண்டும் கண்டுபிடித்தவர் சென்னையைச் சேர்ந்த ஜெ. விஜயா, இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர். சாலக்குடிக் காட்டில் ஒரு குகையில் தங்கி, காடர் பழங்குடியினரின் துணையோடு தேடினார். ஆய்வாளர்கள் காணாத அந்த எழுபது ஆண்டும் காடர்களுக்கு இந்த ஆமை பழக்கமான ஒன்றே. காட்டை அறிந்தவர்களைக் கேட்காமல் காட்டு உயிரைக் காக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விஜயா 1987இல், முப்பது வயதுகூட ஆகாமல் மறைந்தார். 2006இல் இந்த ஆமையின் பேரினத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது: விஜயாகெலிஸ்.

நவம்பர் 14, சின்னாறு

இடுக்கியின் மழை மறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவமழைதான் இந்த முட்காட்டுக்கு உயிர். மழை விழுந்ததும் நட்சத்திர ஆமைகள் புதருக்கு அடியிலிருந்து வெளியேறித் தளிர்ப்புல் மேய்கின்றன. கறுப்பு ஓட்டில் விரியும் மஞ்சள் கதிர்கள் கடைக்காரன் கண்ணுக்கு அலங்காரம். காய்ந்த புல்லின் நிழலில் அதே கதிர்கள் ஆமையை முழுவதுமாக மறைத்துவிடுகின்றன.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறது தமிழ்ப் பழமொழி. அதே ஆமை வீட்டில் இருந்தால் பணம் சேரும் என்று சொல்லி விற்கிறது கடத்தல் சந்தை. இரண்டும் ஆமைக்குக் கேடுதான். 2019இல் அனைத்துலக வணிக உடன்பாடான சைட்டீஸ் நட்சத்திர ஆமையை முதல் பட்டியலுக்கு உயர்த்தி வணிகத்தைத் தடுத்தது. ஆனாலும் விமான நிலையங்களில் பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்ட ஆமைகள் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன.

பிடிபட்டதைக் காட்டில் கொட்டிவிட்டால் மீட்பு ஆகிவிடாது. இந்தியாவின் வடமேற்கிலும் தெற்கிலும் வாழும் நட்சத்திர ஆமைகள் மரபணுவில் வேறுபட்டவை. அடைபட்ட இடத்தில் தொற்றிய நோய் காட்டிலுள்ளவற்றுக்கும் பரவலாம். அதனால் முதலில் தனிமைப்படுத்திச் சோதிக்க வேண்டும். பின்பு விடப்போகும் இடத்திலேயே வேலியிட்ட நிலத்தில் சில காலம் பழக்கித்தான் திறந்துவிட வேண்டும்.

இரக்கப்பட்டுக் கோயில் குளத்தில் விடுவது இன்னும் மோசம். நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிச் சாகும். காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் நீராமை, யானைக்கால் போல உருண்டு திரண்டிருந்தால் தரை ஆமை. உடுமலை – மூணாறு சாலையில் ஆமை குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, இரு கையாலும் ஓட்டைப் பிடித்துத் தூக்கி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் விட வேண்டும். காயம் பட்டிருந்தால் அருகிலுள்ள வனத்துறைச் சோதனைச்சாவடியில் ஒப்படைக்க வேண்டும்.