குளிரில் வாழும் கல்

நிலைபேற்றுக்குக் கல்லை உவமை கூறுதல் மரபு. அம்மரபுக்குப் புறம்பாக நிற்பது இகைற்று எனப்படும் அரிய காபனேற்றுக் கனிப்பொருள்.

கிறீன்லாந்தின் தென்மேற்கிலுள்ள இக்கா நுழைகழியின் அடியில், நீருள் மறைந்து நிற்கும் வெண்ணிறத் தூண்களை ஆராய்ந்த ஹான்ஸ் பௌலி என்பார் 1963ஆம் ஆண்டில் இதனை அறிவியலுலகுக்கு அறிவித்தார். அடித்தளத்து ஊற்றுகளிலிருந்து எழும் கார நீர், கடல்நீரின் கல்சியத்தோடு கலக்குமிடத்தில் இத்தூண்கள் வளர்கின்றன. சில ஏறத்தாழ 20 மீற்றர் உயரமுடையன.

சுண்ணக்கல்லுக்கும் இதற்கும் மூலப்பொருள் ஒன்றே. ஆயின், இகைற்றில் கல்சியம் காபனேற்றின் ஒவ்வோர் அலகோடும் ஆறு நீர் மூலக்கூறுகள் பிணைந்துள்ளன. ஆகவே இக்கல்லின் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது நீரேயாம். இதன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.8 கிராம், கல்சைற்றினதோ 2.71 கிராம். ஒளியியற் பண்பிலும் இவ்வேற்றுமை புலனாகும். கல்சைற்றின் முறிவுச் சுட்டிகள் 1.486, 1.658 என்பன. தெளிந்த கல்சைற்றினூடே நோக்கும் எழுத்து இரண்டாகத் தோன்றுவது அவற்றிடையேயுள்ள பெரும் இடைவெளியினாலேயே. இகைற்றும் ஒளியை இரட்டையாக முறிப்பதுதான். எனினும் அதன் சுட்டிகள் 1.455 முதல் 1.545 வரையில் அடங்கிவிடுகின்றன.

இவற்றை அளப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உறைநிலையை அண்டிய குளிரிலன்றி இகைற்று நிலைப்பதில்லை. சாதாரண ஆய்வுகூட மேசைமீது வைப்பின், சிறிது நேரத்தில் அது கலங்கிய நீரும் கல்சைற்றுத் துகளுமாகச் சிதைந்துவிடும். எனவே, பொருளைத் தன் மேசைக்கு அழைக்கும் ஆய்வாளன் இங்கு தானே குளிரை நாடிச் செல்ல வேண்டியவனாகிறான். பண்பு என்பது பொருளினுள் மட்டும் உறைவதன்று, சூழலோடு கூடியது என்னும் பாடத்தை இதனினும் தெளிவாக உணர்த்தும் கல் அரிது.

சிதைந்த பின்னரும் சிலவேளை புறவடிவம் எஞ்சுகிறது. உள்ளே கல்சைற்று நிரம்பிய அவ்வுருக்கள் கிளெண்டனைற்று எனப்படுகின்றன. அவற்றின் மூலம் இகைற்றே என்னும் கருத்துக்கு, அந்தாட்டிக்கக் கடலடிப் படிவிற் கண்டெடுக்கப்பட்டு 1982இல் அறிவிக்கப்பட்ட பளிங்குகள் வலுவூட்டின. பண்டைக் கடல்களின் குளிருக்கு அவை சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஆயினும், கல்சைற்று உருவாதலைத் தடுக்கும் பொசுபேற்றும் இகைற்றின் பிறப்புக்குத் துணைபுரிவதால், அச்சான்றை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

கடல்கள் வெப்பமேறிவரும் இக்காலத்தில் இக்காவின் தூண்களுக்கு உறுதியான வாழ்வு இல்லை. அவற்றைச் சிதைக்க உளி வேண்டியதில்லை. சில பாகை வெப்பமே போதும்.